பேசிக்கொண்டே ஓடும் புருல்ச்சா

“...அப்புறம் மாப்பிள்ளையோட பெரியப்பா எழுந்திரிச்சாரு. வாழ்த்துச் சொல்லுங்கன்னு மைக்கைக் கையில குடுத்தேன். மனுஷன் அதைத் தாடைக்கு முட்டுக் குடுத்துக்கிட்டு நின்னபடியே தூங்கிட்டாரு. மண்டபம் பூரா குறட்டை! நான் என்ன செய்ய? ‘பெரியவர் மனசார வாழ்த்திட்டாரு, கை தட்டுங்க’ன்னுட்டேன்.”

இத்தனையையும் புருல்ச்சா ஓடிக்கொண்டே சொல்வாள். எர்கிந்திக் சாலையின் ஓக் மரங்களுக்கு அடியில், விடிந்தும் விடியாத நேரம். வலப்பக்கம் சைரா, இடப்பக்கம் மெதெர்பெக், நடுவில் இவள், கைகளை வீசி, கதையில் வரும் ஒவ்வொருவருக்கும் தனிக் குரல் கொடுத்து.

பிஷ்கெக் நகரத்தில் கல்யாணம், தொட்டில் விழா, பிறந்தநாள் விருந்து என்று எதற்கும் மைக் பிடித்துக் கூட்டத்தைக் கட்டி மேய்க்கும் தமாதா அவள். முந்தின இரவின் கண்மையோடுதான் ஓட வருவாள். ஸ்பிரே அடித்து இறுகிய கொண்டை எவ்வளவு குலுங்கினாலும் ஒரு முடி கலையாது. சட்டைப் பையில் விருந்தில் மிஞ்சிய போர்சோக், எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டுகள், எப்போதும் இருக்கும். இரண்டை மென்றுவிட்டுத்தான் ஓடவே தொடங்குவாள். பாதி வழியில் விலாவில் பிடித்துக்கொள்ளும். “வந்துட்டான் என் பழைய காதலன்” என்று அந்த இடத்தை விரல்களால் அழுத்தி, மூச்சை நீளமாக ஊதி விட்டு, கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்வாள்.

கூட ஓடுகிறவர்களுக்கு வேகம் காட்டும் கருவியும் அவள் வாய்தான். வாக்கியம் முழுசாக வந்தால் வேகம் சரி. நடுவில் அறுந்தால் மெதெர்பெக் காலைத் தளர்த்துவார். கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் அவர் வார்த்தையை எண்ணிச் செலவழிப்பவர். திரைச்சீலைக் கடை வைத்திருக்கும் சைரா சிரிக்க மட்டும் வாய் திறப்பாள்.

இந்தக் குளிர்காலம் வந்து வீடுகளில் கரி அடுப்பு மூட்டியதும் ஊரைப் புகை மூடியது. தெற்கே மலைகள் இருந்த இடம் தெரியவில்லை. புருல்ச்சாவின் வாக்கியங்கள் சுருங்க ஆரம்பித்தன. ஓடும்போதுகூடச் சமாளித்துவிடுவாள். நின்ற பிறகுதான் நெஞ்சுக்குள் மெல்லிய விசில் எழும், பின்னாலேயே இருமல். “கெட்டில் கொதிக்குது, யாராவது இறக்கி வைங்க” என்பாள். இருவரும் சிரிப்பார்கள்.

“மூக்கால இழு, வாயால விடு” என்றார் மெதெர்பெக் ஒரு நாள். “ரெண்டு எட்டு வைக்கறதுக்குள்ள இழு. மூணு எட்டுக்கு விடு.”

“அப்ப பேசறது எப்ப?”

“பேசாத.”

“அண்ணே, அதுக்கு நான் போர்வைக்குள்ளயே கிடந்திருப்பேனே!”

அவர்களிடம் சொல்லாத ஒன்று இருந்தது. ஒரு கல்யாணத்தில் மணமக்களோடு ஆடி முடித்து மைக்கை எடுத்தவளுக்கு, வாழ்த்தின் நடுவில் மூச்சு சிக்கியது. பாட்டுக்காரனுக்குச் சைகை காட்டித் தப்பித்தாள். தமாதாவுக்கு மூச்சு இளைக்கிறது என்ற பேச்சு கிளம்பிவிட்டால் யார் கூப்பிடுவார்கள்? அவள் இடத்துக்கு இளம் பையன்கள் எத்தனையோ பேர் காத்திருந்தார்கள். வயசுதான், எடைதான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மூச்சு பழகட்டும் என்று இன்னும் மூர்க்கமாக ஓடினாள்.

டிசம்பரில் ஒரு காலை, குளிர் பல்லைக் கூசவைத்தது.

“என்னக்கா, கதையெல்லாம் நேத்தே வித்துத் தீந்துடுச்சா? வாயே திறக்கலையே” என்று சைரா சீண்டினாள்.

“அந்த முக்கு வரைக்கும் வா பாப்போம். தோத்தவ டீ வாங்கணும்.”

புருல்ச்சாதான் ஜெயித்தாள். ஜெயித்து, திரும்பி, கேலிக்கு வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. நெஞ்சுக்குள் யாரோ கயிறு போட்டு இறுக்கியது போல் இருந்தது. இரும்பு பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். தோள்கள் மேலும் கீழும் ஏறி இறங்கின.

சைரா ஓடி வந்து முகத்துக்கு நேராகக் குனிந்தாள். “உள்ள போகலையா, வெளிய வரலையா?”

வெளியே என்று கை காட்டினாள்.

“உக்காருங்க. முன்னால குனிஞ்சு கைய முட்டியில ஊனுங்க. இந்தாங்க, இது என்னோடது, இப்ப இதுதான் இருக்கு.” தன் பையிலிருந்த இழுப்பு மருந்துக் குழாயை எடுத்து அவள் வாயில் வைத்து அழுத்தினாள். “இப்ப உதட்டக் குவிச்சு, சூடு டீய ஊதற மாதிரி ஊதுங்க. இழுக்கறதப் பத்தி நினைக்காதீங்க. விடுங்க. மெதுவா... விடுங்க.”

மெதெர்பெக் தன் கழுத்துக் கம்பளித் துண்டைக் கழற்றிப் புருல்ச்சாவின் வாயைச் சுற்றிக் கட்டினார். கயிறு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. கண்மை கன்னம் வரை வழிந்திருந்தது.

“யார்கிட்டயும் சொல்லிடாத” என்பதுதான் அவள் பேசிய முதல் வார்த்தை.

“யார்கிட்டயும் சொல்லாமத்தான் எங்க சித்தப்பா போய்ச் சேர்ந்தாரு. எனக்குச் சின்ன வயசுலேர்ந்து இழுப்பு. தினமும் உங்க பக்கத்துல நின்னுதான் மருந்து இழுத்துட்டு ஓட ஆரம்பிக்கறேன். நீங்க பாத்ததே இல்லையாக்கா?”

பார்த்ததில்லை. அந்த நேரத்தில் அவள் ஏதாவது சொல்லிக்கொண்டிருந்திருப்பாள்.

சைரா கூட்டிப்போன டாக்டரம்மா மூச்சளக்கும் குழாய் ஒன்றைக் கொடுத்து ஊதச் சொன்னாள். “இன்னும்! இன்னும்! விடாதீங்க!” ஒரு மண்டபத்தையே நிறைக்கிற குரல்காரிக்கு அந்தக் குழாயில் கடைசிவரை ஊத முடியவில்லை.

“குளிரும் புகையும் சேர்ந்தா உங்க மூச்சுக்குழாய் சுருங்கிடுது. ஓடறத விட வேண்டாம். முன்னாடியே மருந்து எடுங்க, கொஞ்சம் நடந்து உடம்பச் சூடாக்குங்க, வாயத் துணியால மூடிக்கங்க. புகை அதிகமா இருந்தா அதுக்குள்ள ஓடவே கூடாது.”

“பேசலாமா?”

“பேச முடியற வேகத்துலதான் ஓடணும்.”

“கேட்டியா சைரா!” என்று மேசையைத் தட்டினாள்.

விஷயம் எப்படியோ வெளியே போனது. ஒரு வீட்டார் சொல்லாமல் கொள்ளாமல் தங்கள் கல்யாணத்தை ஓர் இளைஞனுக்குக் கொடுத்துவிட்டார்கள். அன்று முழுக்க அவள் யாருடைய போனையும் எடுக்கவில்லை. மறுநாள் இன்னொருவர் கூப்பிட்டு, நெஞ்சில் ஏதோ கோளாறாமே என்று இழுத்தார். “ஆமா, மருந்து இழுக்கறேன். உங்களுக்கு வேற ஏதாவது தெரியணுமா, இல்ல கல்யாணத் தேதியச் சொல்றீங்களா?” என்றாள். அவர் தேதியைச் சொன்னார்.

இப்போது புகை மூடிய காலைகளில் மெதெர்பெக்கின் பழைய காரில் மூவரும் ஊருக்கு மேலே மலைச்சரிவுக்குப் போகிறார்கள். அங்கே வெயில் அடிக்கிறது. பிஷ்கெக் கீழே சாம்பல் கம்பளத்துக்கு அடியில் கிடக்கிறது. முதலில் நடை, பிறகு மெல்லோட்டம். மேட்டில் ஏறும்போது புருல்ச்சாவால் பேச முடிவதில்லை. மூக்கு வரை துண்டைச் சுற்றிக்கொண்டு, காலடிக்குக் காலடி மூச்சை அளந்து விடுகிறாள்.

அந்த மௌனம் மெதெர்பெக்குக்குத்தான் தாங்கவில்லை. போன வாரம் திடீரென்று அவரே ஒரு கதையை ஆரம்பித்தார்.

“எங்க ஊர்ல ஒருத்தன் சந்தையில குதிரை வாங்குனான். வாங்கிட்டு வந்து... அது குருடு. இல்ல, இரு. குருடுன்னு இப்பவே சொல்லக் கூடாது.”

சைரா சிரித்துவிட்டாள். அவர் காது சிவக்க, கதையை முதலிலிருந்து தொடங்கி, மறுபடி அதே இடத்தில் வழுக்கினார். கதையைத் திருத்தப் புருல்ச்சாவின் விரல் தானாக மேலே எழுந்தது. துண்டைத் தாடைக்குக் கீழே இழுத்தாள். வாய் திறந்தது. மெதெர்பெக் நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

அவள் துண்டை மறுபடி மூக்கு வரை ஏற்றிக்கொண்டு, மேலே சொல்லுங்கள் என்று கையை ஆட்டினாள்.