கொசுறுக்குப் பயிர் வைத்த கதை

ஊரே சும்மா கொடுக்கிற பொருளை விலைக்கு விற்கப் போனவர்கள் நானும் என் வீட்டுக்காரரும். அதுவும் தி. நகர் மார்க்கெட்டுக்கு, விடியற்காலைப் பனியில், தலையில் கூடை கூடையாகச் சுமந்துகொண்டு! இன்றைக்கு நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்கு மற்றவர்கள்தான் சிரித்தார்கள்.

மாம்பலம் ரயில் பாதைக்கு மேற்கே, இன்று கே.கே. நகர் என்று சொல்கிறார்களே, அந்தப் பக்கத்தில்தான் எங்கள் தோட்டம். அப்போது அங்கே கே.கே.யும் கிடையாது, நகரும் கிடையாது. ஏரி, பனைமரங்கள், கத்திரித் தோட்டம், வெண்டைத் தோட்டம், நடுவில் கொஞ்சம் கூரை வீடுகள். உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். மண்ணெண்ணெய் கிடைக்காது, நல்ல துணி கிடைக்காது. கத்திரிக்காய்க்கு மட்டும் குறைவே இல்லை. தின்று தின்று நாக்கு செத்துப்போயிருந்தது.

மாமனார் விட்டுப்போன நிலம் முழுவதும் என் கணவரின் அண்ணன் கையில் இருந்தது. எது விதைப்பது, எப்போது பறிப்பது, யாரிடம் விற்பது எல்லாம் அவர்தான். ஊரார் வாயில் அவர் ‘பெரியவர்’. என் கணவர் ஏற்றம் இறைப்பார், நான் களை பறிப்பேன். சோறு உண்டு, புடவை உண்டு. ‘இது நம்முடையது’ என்று காட்டிச் சொல்ல ஒரு சாண் மண் கிடையாது. எனக்கு அது பொறுக்கவில்லை. நான் வாயாடி என்று பெயரெடுத்தவள். தினம் தினம் என் கணவரை நச்சரித்து, அவர் போய் அண்ணனிடம் இழுத்து இழுத்துப் பேசி, கடைசியில் கிணற்றங்கரைத் துண்டு நிலம் எங்கள் கைக்கு வந்தது. முழுசாக வரவில்லை, பார்வைக்கு விட்ட மாதிரிதான் வந்தது.

“மாசி முடியற வரைக்கும் பாருங்க. உருப்படியா ஒண்ணும் வரலன்னா நெலத்த நான் எடுத்துக்குவேன். அப்புறம் நீ பழையபடி ஏத்தம் எறைக்க வந்துடணும்” என்றார் பெரியவர்.

என்ன போடுவது? அதற்குச் சில நாள் முன்னால் என் கணவர் மயிலாப்பூரில் ஒரு கல்யாண வீட்டுக்கு வாழையிலை கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்திருந்தார். கண்ணை அகல விரித்துக்கொண்டு சொன்னார்: “இன்னாமே, ரசத்துல கொத்தமல்லி, கூட்டுல கொத்தமல்லி, தொவையல்ல கொத்தமல்லி! மலையாட்டம் குமிச்சு வெச்சிருக்கான் சமையக்காரன். பட்டணத்துல கொத்தமல்லி இல்லாம அடுப்பே எரியாது போலக்கீது. அதையே போட்டுடலாமா?”

“பேஷாப் போடலாம். அத்தனை வீட்லயும் தெனம் வாங்கியாகணுமே!” என்றேன். உலகத்தில் இல்லாத மூளை எங்கள் இரண்டு பேருக்கும்.

பெரியவரிடம் சொன்னபோது அவர் மீசையைத் தடவிக்கொண்டு, “கொத்தமல்லியா? போடு, போடு” என்றார். அந்த ‘போடு’வில் என்ன இருந்தது என்று அப்போது புரியவில்லை. நாங்கள் காய் விளைவித்தவர்கள்; காய் வாங்கியவர்கள் இல்லை. பிறந்ததிலிருந்து ஒரு கத்திரிக்காயைக் கடையில் காசு கொடுத்து வாங்கியதில்லை. பட்டணத்துப் பையில் காய்கறியோடு கூட என்ன விழுகிறது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

விதையைப் பலகையால் தேய்த்து இரண்டாக உடைத்து, பாத்தி கட்டித் தூவினோம். மார்கழிக் குளிர் கொத்தமல்லிக்கு அமிர்தம். வந்தது பாருங்கள் பயிர்! கிணற்றங்கரையே மணத்தது. வழியில் போகிறவர்கள் நின்று மூச்சை இழுத்துவிட்டுப் போனார்கள். என் கணவர் ஏற்றத்தின் மேல் நின்று பாட்டுப் பாட ஆரம்பித்துவிட்டார். அவருக்குப் பாட வராது என்பது வேறு விஷயம்.

முதல் நாள் மார்க்கெட் ஓரத்தில், ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் கூடையை இறக்கினோம். பக்கத்திலேயே காய்கறிக் கடை வைத்திருந்த பாய் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

“காய் எங்க, தங்கச்சி?”

“காய் இல்ல பாய். கொத்தமல்லிதான்.”

“அது தெரியுது. காய் எங்க?”

எனக்குக் கோபம் வந்தது. மனுஷனுக்குக் காது கேட்காதா என்று நினைத்தேன். அதற்குள் ஒன்பது கஜம் கட்டிய ஒரு மாமி வந்து குனிந்தார். ஒரு கொத்தமல்லிக் கட்டை எடுத்து மோந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. விலையைச் சொன்னேன். மலர்ந்த முகம் அப்படியே நின்றது.

“ஏண்டி பொண்ணே, கொத்தமல்லிக்கு யாராவது காசு குடுப்பாளோ? அது கொசுறுன்னா!”

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். பாய் சிரித்த சிரிப்பில் அவர் தராசுத் தட்டே ஆடியது. பிறகு அவரே பாவப்பட்டு விளக்கினார். காய் வாங்கினால் கை நிறையக் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் சும்மா போட வேண்டும், அதுதான் பட்டணத்து வழக்கம். கடைக்காரர்களும் அதைக் காசு கொடுத்து வாங்குவதில்லை. வேறு ஊர்த் தோட்டக்காரர்கள் வேலியோரத்தில் முளைத்ததைப் பிடுங்கிக் காய்க்கூடையின் மேல் சும்மா கட்டி அனுப்புவார்கள். ஆக, விளைவிக்கிறவன் சும்மா கொடுத்து, விற்கிறவன் சும்மா கொடுத்து, மாமி வீட்டு ரசத்துக்குப் போய்ச் சேருகிற பொருளைத்தான் ஒரு நிலம் முழுக்கப் பயிர் வைத்திருந்தோம். பெரியவர் மீசையைத் தடவியது ஏன் என்று அப்போது விளங்கியது. பற்றிக்கொண்டு வந்தது எனக்கு!

மாமி மட்டும் உடனே போகவில்லை. கட்டைத் திரும்ப வைக்க மனசில்லாமல் கையிலேயே வைத்திருந்தார். “இத்தனை பசேல்னு நான் பாத்ததே இல்லை. நீ நாலு கத்திரிக்கா வெச்சுண்டு உக்காந்திருந்தா, அதை வாங்கிண்டு இதைக் கொசுறா எடுத்துண்டு போயிருப்பேன்” என்று சொல்லிவிட்டு, பாய் கடைக்குப் போய் வெண்டைக்காயின் நுனியை ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

விற்காத கூடைகளோடு திரும்பி வந்தோம். ரயில்வே கேட் மூடியிருந்தது. என் கணவர் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

“போச்சுமே. எல்லாம் போச்சு. நாளைக்கே அண்ணன் முன்னால போய் நிக்கணும். மறுபடியும் ஏத்தம்தான்.”

அவரை அப்படிப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அந்த நிலம் கைக்கு வந்த நாளிலிருந்து மனுஷர் நிமிர்ந்து நடக்க ஆரம்பித்திருந்தார். திரும்பவும் அவர் குனிவதைப் பார்க்க நான் தயாராக இல்லை. மின்சார ரயில் தடதடவென்று போயிற்று. கேட்டைத் திறந்தார்கள். நான் நகரவில்லை. மாமி சொன்னதுதான் காதில் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது.

“யோவ், எழுந்திரு. நாளைக்குக் கத்திரிக்கா விக்கிறோம்” என்றேன். கோபத்திலும் சந்தோஷத்திலும் எனக்கு மரியாதை வராது.

“கத்திரிக்காயா? நம்ம கிட்ட ஏதுமே?”

“ஊரே கத்திரிக்காதான வெச்சிக்கினு கீது?”

அன்று சாயங்காலமே அக்கம்பக்கத்துத் தோட்டங்களுக்குப் போனேன். அவர்கள் காயெல்லாம் பெரியவரின் வண்டியில்தான் பட்டணத்து மண்டிக்குப் போகும். வண்டிச் சத்தத்தை, அதாவது வண்டிக்கூலியை, எல்லாரும் பகிர்ந்துகொள்வார்கள். வண்டி தினமும் போகாது. நடுவில் பழுப்பதும் முற்றுவதும் மாட்டுக்குத்தான். “ஆளுக்கு ஒரு கூட குடுங்க. வித்தா துட்டு, விக்காட்டி எங்க வூட்ல கொழம்பு” என்றேன். சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள். பெரியவர் தோட்டத்தில் மட்டும் கேட்கவில்லை. ரோஷம்.

மறுநாள் அதே மரத்தடி. முன்னால் கத்திரிக்காய், வெண்டைக்காய், கொஞ்சம் அவரை. பின்னால் குன்று மாதிரி கொத்தமல்லி, பனியோடு. முந்தின நாள் மாமியே முதலில் வந்தார். காயை வாங்கினார். நான் கொத்தமல்லியை ஒரு பிடி பிடித்தேன். மற்ற கடைகளில் இரண்டு விரலால் கிள்ளிப் போடுவார்கள், அதுவும் வாடி மஞ்சளாய். நான் போட்ட பிடியில் பையின் வாயே மூடவில்லை.

“இன்னும் கொஞ்சம் போடேன்” என்றார் மாமி, பழக்க தோஷத்தில்.

“பையில எடம் இல்ல மாமி!”

அவ்வளவுதான். அடுத்த நாள் மாமி தெருவையே கூட்டிக்கொண்டு வந்தார். “எங்காத்துல நேத்திக்குத் தொவையல் அரைச்சேன், பக்கத்தாத்துக்காரா வாசனை பிடிச்சுண்டு வந்துட்டா” என்று அவரே கூவி விற்காத குறை. வெயில் ஏறுவதற்குள் கூடைகள் காலி. காய் கொடுத்த வீடுகளிலிருந்து மறுநாள் நான் கேட்காமலே கூடைகள் எங்கள் வாசலுக்கு வந்தன.

பாய் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

“அரே தங்கச்சி, நீ காய்க்குக் கொசுறு குடுக்கிறியா, இல்ல கொசுறுக்குக் காய் குடுக்கிறியா? என் வியாபாரம் பேஜாராப் போய்க்கினு கீது.”

“நான் இன்னா பண்ணட்டும் பாய்? என் கிட்ட அதானே கீது.”

“சரி, சரி. நாளைலேர்ந்து எனக்கும் ரெண்டு கூட அதுல போடு.”

“போடறேன். சும்மா கிடைக்காது.”

“கொசுறுக்குத் துட்டா! யாராவது கேட்டா சிரிப்பாங்க.”

“மொத நாளு நீங்கதான் சிரிச்சீங்க பாய். சிரிச்சு முடிச்சாச்சுல்ல, இப்ப வாங்குங்க” என்றேன்.

அவர் அந்த இடத்திலேயே விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் வாங்கினார். பாய் வாங்கியதும் அடுத்த கடைக்காரர் வாங்கினார், அவரைப் பார்த்து அதற்கடுத்தவர். என் கணவர் பாத்தி பாத்தியாக நாள் விட்டு விதைத்தார். ஒன்றை அறுத்தால் அடுத்தது தயாராக நிற்கும். வெறும் கொசுறு என்று சிரிக்கப்பட்ட பயிர் எங்களுக்குப் புதுக் கூடை வாங்கித் தந்தது, தள்ளுவண்டி வாங்கித் தந்தது. எங்கள் ஒற்றையடிப் பாதையில் வண்டி போக ஆரம்பித்ததும், ஏரிக்கரை முக்கில் ஒருவர் டீக்கடையே போட்டுவிட்டார். கூடை முடைகிற குடும்பம் ஒன்று வந்து பனைமரத்தடியில் குடியேறியது. மண்டிக்குப் போய்க்கொண்டிருந்த காய் எல்லாம் மெல்ல மெல்ல எங்கள் மரத்தடிக்கு வந்துவிட்டது.

அங்கேதான் சிக்கல். வண்டிச் சத்தத்தைப் பகிர ஆள் இல்லாமல் பெரியவரின் வண்டி தனியாகப் போக வேண்டியிருந்தது. தனி வண்டி கட்டினால் அவருக்குக் கைக்கு ஒன்றும் நிற்காது. மாசி முடிகிற சமயத்தில் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார்: “கொசுறு விக்கறதெல்லாம் வெள்ளாமையா? வர்ற வெள்ளிக்கெழம கெணத்தங்கரையில ஏர் பூட்டப் போறேன். கத்திரி வெக்கணும்.”

என் கணவர் அன்று சாப்பிடவில்லை. “அண்ணன் சொன்னா சொன்னதுதான்” என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. கிணற்றங்கரை போனால் கொத்தமல்லி இல்லை. கொத்தமல்லி இல்லையென்றால் மரத்தடியில் எங்களுக்கு என்ன வேலை? நேரே போய்ச் சண்டை போடலாம் என்று புடவையை இழுத்துச் செருகினேன். என் கணவர் கையைப் பிடித்துக்கொண்டார். விடவேயில்லை.

வெள்ளிக்கிழமைக்கு முன்னாலேயே ஒரு காலையில், மார்க்கெட்டில் கூட்டம் நெரிகிற நேரம், மரத்தடிக்கு ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. பெரியவர் இறங்கினார். வண்டி நிறையக் கத்திரிக்காய். பறித்து நாளாகிக் காம்பு வாட ஆரம்பித்திருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை, மரத்தைப் பார்த்துப் பேசினார்.

“எல்லார் காயும் நீதான் எடுத்துக்கிறியாமே.”

“ஆமாங்க மாமா.”

“இதையும் எடுத்துக்க.”

மீசைக்காரர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் சும்மா விட என் வாய் இடம் கொடுக்கவில்லை.

“எடுத்துக்கிறேன் மாமா. இன்னிக்கு மட்டும் இல்ல, தெனம் எடுத்துக்கிறேன். ஆனா கொசுறு வேணும்.”

அவர் திரும்பினார். “கொசுறா? நானா? இன்னா கொசுறு?”

“கெணத்தங்கரைத் துண்டு.”

பாய் எடை போட்டுக்கொண்டிருந்த தராசைக் கீழே வைத்துவிட்டார். மாமி பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். என் கணவர் ஒரு கொத்தமல்லிக் கட்டை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தார். பெரியவர் தம்பியைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், எங்கள் பின்னால் குவிந்திருந்த பச்சையைப் பார்த்தார்.

அவர் மெல்லக் குனிந்து தம்பி கையிலிருந்த கட்டை வாங்கி மோந்து பார்த்தார். தோளிலிருந்த துண்டில் அதைச் சுற்றிக்கொண்டார்.

“இத நான் எடுத்துக்கினு போறேன். வூட்ல கேட்டுக்கினே கீறா. அந்த நெலத்த நீங்க வெச்சுக்கோங்க” என்றார். சொல்லிவிட்டு, வண்டியிலிருந்து முதல் கூடையை அவரே இறக்கி என் முன்னால் வைத்தார்.

“இன்னிக்குக் கொசுறு பெரிசாத்தான் இருக்குடி பொண்ணே!” என்று மாமி சொல்ல, மரத்தடியே சிரித்தது. பெரியவரும் சிரித்தார். என் கணவர் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் இரண்டு கையாலும் கொத்தமல்லியை அள்ளி அள்ளிப் போட ஆரம்பித்தார். பாய் கடைக்கு எடுத்து வைத்திருந்த கூடையையும் காலி பண்ணினார். காய் வாங்காமல் சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றவர்கள் கையிலும் திணித்தார். வேறு நாளாக இருந்தால் நான் கத்தித் தீர்த்திருப்பேன். அன்று அடுத்த கூடையை நானே அவர் பக்கம் தள்ளி வைத்தேன்.