சூரிச்–பாரிஸ் கணக்கில் ஒரு மெல்பேர்ண் பயணம்

சூரிச்சிலிருந்து பாரிசுக்கு வானில் ஏறத்தாழ நானூற்றுத் தொண்ணூறு கிலோமீற்றர். விமானத்தில் ஒன்றேகால் மணி, ரயிலில் நாலு மணி. இருபது வருடமாக அந்தக் கணக்கோடு வாழ்பவள் நான். தம்பியின் கலியாணம் மெல்பேர்ணில் என்றதும், மலிவாகக் கிடைத்ததென்று சிட்னிக்கு விமான ரிக்கெற் எடுத்தேன். அங்கிருந்து ரயில் பிடித்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன். இப்படியொரு மடமை ஐரோப்பாவில் இருப்பவருக்குத்தான் வரும்.

வெள்ளிக்கிழமை காலை 7.10. சிட்னி விமான நிலையத்துக்குக் கவிதா வந்திருந்தார். கோயம்புத்தூர்க்காரர், ஆஸ்பத்திரியில் தாதி. தம்பி சிட்னியில் படித்த காலத்தில் மெரிலேண்ட்ஸில் இவர்கள் வீட்டு அறையில்தான் இருந்தான். என்னை ரயில் நிலையத்தில் இறக்கிவிடுவதுதான் ஏற்பாடு.

"எந்த ட்ரெயின்க்கா?" என்றார்.

"இனித்தான் பார்க்கவேணும். மணித்தியாலத்துக்கு ஒண்டு இருக்கும் தானே?"

கவிதா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, கைபேசியில் தேடினார். "பகல்ல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. பதினோரு மணி நேரம். ஸ்கூல் லீவு, ரெண்டுலயும் சீட் இல்ல. ஃப்ளைட்லயும் நாளைக்கு மத்தியானம்தான் சீட் இருக்கு."

முகூர்த்தம் மறுநாள் காலை 9.10. எங்கள் வழக்கில் மாப்பிள்ளையின் சகோதரிதான் தோழியாக நின்று, மணப்பெண் உடுக்கும் கூறைச்சேலைத் தட்டை ஏந்துவாள். அவனுக்கு நான் ஒருத்திதான் சகோதரி. கூறையும் என் கைப்பையில்தான் இருந்தது. பையைத் திறந்து அதை ஒருதரம் தொட்டுப் பார்த்தேன்.

"மொதல்ல ஒரு காபி குடிங்க. நான் கூட்டிட்டுப் போறேன்," என்றார் கவிதா.

"உங்களுக்கு நாளைக்கு வேலை எல்லோ?"

"ஆமா, சாயங்காலம். நாளைக்கு காலைல வெள்ளன கெளம்பினா திரும்பிரலாம்."

காலை 8.30க்குப் புறப்பட்டோம். மெல்பேர்ணுக்கு சாலை வழி எண்ணூற்று எண்பது கிலோமீற்றர். பத்தே முக்காலுக்கு கோல்பேர்ண் நகரம். மூன்று மாடி உயரத்தில் ஒரு கொங்கிறீற் செம்மறியாடு நிற்கிறது. பகல் ஒன்றேகாலுக்கு கண்டகாய் என்ற சிற்றூர். ஐந்தரை டொலர் கோப்பி. கடை வாசல் மேசையில் கவிதா கொண்டுவந்த புளிச்சாதம். ஐரோப்பாவில் இந்நேரத்துக்கு இரண்டு எல்லைகள் தாண்டி, இரண்டு மொழிகள் மாறியிருக்கும். இங்கே அதே காய்ந்த புல், அதே யூக்கலிப்டஸ். நான் மடியிலிருந்து பையை இறக்கவேயில்லை.

"அது எங்கயும் ஓடிராதுக்கா," என்று சிரித்தார் அவர்.

மாலை ஏழு மணிக்கு மெல்பேர்ண், கிளேட்டனில் தம்பி வீடு. "அக்கா, உன்னை ஆர் சிட்னிக்கு ரிக்கெற் போடச் சொன்னது?" என்றவன், கவிதாவைக் கண்டதும் ஓடிப்போய் அவரின் கையைப் பிடித்துக்கொண்டான்.

மறுநாள் விடிய ஐந்து மணிக்குக் கவிதா போய்விட்டார். கலியாணத்தைப் பார்க்கவில்லை. கூறைத் தட்டை நான்தான் ஏந்தினேன். நன்றியில் கண் கலங்கி மேடைப்படி சரியாகத் தெரியவில்லை. தாலி கட்டியதும், கூறையுடுத்த பெண்ணைப் படமெடுத்து அவருக்கு அனுப்பினேன்.

பத்து மணியளவில் பதில் வந்தது: "ரொம்ப அழகா இருக்கு. கண்டகாய் வந்துட்டேன்க்கா. நேத்து உக்காந்த அதே மேசை."

மெல்பேர்ணிலிருந்து கண்டகாய் ஏறத்தாழ நானூற்றுத் தொண்ணூறு கிலோமீற்றர். நான் பந்தியில் இருந்தபோது, எனக்காக வந்த ஒருவர் தனியாக ஒரு பாரிஸ் தூரம் ஓட்டி முடித்திருந்தார். வீடு சேர இன்னும் நாலு மணி நேரம் இருந்தது. அவர் சேர்ந்துவிட்டேன் என்று எழுதும்வரை என்னால் பாயசத்தைத் தொட முடியவில்லை.