தாவூஸ் கானுமின் பனி விடுமுறை

ஈரானின் ரஷ்த் மழைக்கு வாழ்க்கைப்பட்ட நகரம். இங்கே வீட்டுக்கு வீடு குடைகள் இருக்கும். பனி அள்ளும் மண்வெட்டியைத் தேடினாலும் கிடைக்காது.

தாவூஸ் கானும் எங்கள் சந்தின் கடைசி வீட்டுக்காரர்; 'கானும்' என்பது எங்கள் ஊரில் 'அம்மா' மாதிரி. மீன் சந்தையில் செதில் சுரண்டி, குடல் எடுத்து, துண்டு போட்டுக் கொடுப்பது வேலை. காய்ச்சலோ குளிரோ, போகாத நாள் கிடையாது. கூலியில் பேரம் பேசுகிறவரிடம், "மீனுதான் செத்துப்போச்சு, நீங்களாவது உயிரோட இருக்கீங்கன்னு காட்டுங்க" என்பார். கணவர் ஷாபான் லாரி ஓட்டியவர். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. ஜன்னல் இல்லாத பின்னறையில் படுத்திருந்தார். பின்னறைக்குக் கான்கிரீட் கூரை. சந்துப் பக்கம் பார்த்த முன்னறைக்கு, பழைய மரச்சட்டத்தின் மேல் தகரக் கூரை.

அந்த ஆண்டு, யாரும் எதிர்பாராத ஒரு காலையில் பனி கொட்டத் தொடங்கியது. மதியத்துக்குள் முழங்கால் உயரம். பேருந்து இல்லை, சந்தை இல்லை. சந்து முழுவதும் வெளியே வந்துவிட்டது. தாம்பாளத்தில் உட்கார்ந்து பெரியவர்களே சறுக்கினார்கள். நாங்கள் மரியாதையாக 'ஆகா' என்று கூப்பிடும் டாக்சிக்காரர் இஸ்கந்தர் தன் வண்டிக் கூரைமேல் ஒரு பனி ஆளைச் செய்து உட்காரவைத்தார்.

"இஸ்கந்தர் ஆகா, ஆளு ஏறியாச்சு, வண்டிய எடுங்க!" தாவூஸ் கானும் பனி உருண்டையால் அவர் முதுகில் அடித்தார்.

"இவனா? வெயில் வந்தா காசு குடுக்காம இறங்கி ஓடிருவான் கானும்!"

தாவூஸ் கானும் சந்தில் நின்று சிரித்து அதற்கு முன் நாங்கள் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பு பின்னறைவரை போயிருக்க வேண்டும்.

"தாவூஸ், என்னடி கூத்து அங்க? எனக்கும் காட்டேன். சுவத்தையே பாத்துக்கிட்டுக் கிடக்குறேன்."

தாவூஸ் கானுமும் இஸ்கந்தருமாகக் கட்டிலை முன்னறை ஜன்னலோரம் இழுத்துப் போட்டார்கள். மதில்மேல் கால்படாத பனியை ஒரு கிண்ணத்தில் அள்ளி, திராட்சைப் பாகு ஊற்றிக் கிளறி, ஷாபானுக்கு ஊட்டினார் தாவூஸ் கானும். பாதி தாடையில் வழிந்தது.

"பல்லு கூசலயா?"

"பல்லு இருந்தாத்தான கூசும்! இன்னொரு வாய் குடு."

பிற்பகலில் தலைக்குமேல் மரம் முனகியது. தாவூஸ் கானும் வெளியே ஓடிவந்து அண்ணாந்து பார்த்தார்.

"இஸ்கந்தர் ஆகா, கூரை நடுவுல தொஞ்சிருக்கா பாருங்க. ஏறித் தள்ளிவிட்டா என்ன?"

"எதை வச்சுத் தள்ளுறது, தொடப்பத்தையா? பொழுது சாயறதுக்குள்ள மழை வந்துரும் கானும். நம்ம ஊரு மழைய நம்பாம யாரை நம்புறது? மொத்தத்தையும் கழுவிட்டுப் போயிரும்."

சுற்றி நின்ற எல்லோரும் ஆமாம் போட்டோம். தாவூஸ் கானுமும் மழையிலேயே பிறந்து வளர்ந்தவர்தான். இருந்தாலும் மனசு கேட்காமல் உள்ளே போய்க் கேட்டார்.

"பின்னறைக்குப் போயிருவோமா?"

"மழை வரட்டும். அதையும் பாத்துட்டு வர்றேன்."

மழை வந்தது. சந்து கைதட்டியது. "சொன்னேன்ல!" என்றார் இஸ்கந்தர்.

பனி கரைந்து ஓடவில்லை. பஞ்சுபோல மழையைக் குடித்துக் கொண்டு கூரைமேலேயே கிடந்தது. விழுந்த துளியெல்லாம் பாரமாக ஏறியது. தாவூஸ் கானும் பின்கட்டில் தேநீருக்கு வெந்நீர் வைத்துக் கொண்டிருந்தபோது முன்னறைக் கூரை அப்படியே உள்ளே இறங்கியது.

தாம்பாளங்களாலும் பானை மூடிகளாலும் தோண்டினோம். தாவூஸ் கானும் தகரத்தை வெறுங்கையால் பிய்த்தார். கட்டிலை எட்டியபோது ஷாபான் அடங்கிவிட்டிருந்தார்.

துக்கத்துக்குச் சந்தே வந்தது. இஸ்கந்தர் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் தாவூஸ் கானுமின் தோளைத் தடவினார்.

"நல்ல சாவு கானும். பனியப் பாத்துச் சிரிச்சிக்கிட்டே போயிட்டாரு."

தாவூஸ் கானும் தேநீர்த் தட்டைக் கீழே வைத்தார்.

"அப்படிச் சொல்லாதீங்க. உத்தரம் நெஞ்சுல கிடந்துச்சு. நாம தோண்டத் தோண்ட என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாரு. உங்களுக்கும் கேட்டுச்சுல்ல?"

எல்லோருக்கும் கேட்டிருந்தது.