திருப்பி ஒட்டிய பாதி

ஆரணியில் பட்டுப் புடவைக்கு பார்டர் டிசைன் போடுவது என் பிழைப்பு. கம்ப்யூட்டரில் பாதிப் பூவை வரைவேன். மறுபாதியை ஒரே தட்டில் திருப்பி ஒட்டிவிடுவேன். எதையும் முழுசாக வரைந்து பல வருஷம் ஆகிறது.

மனைவி போய் வருஷ திதி நெருங்கியது. சுவரில் மாட்ட அவள் படம் வேண்டும். கேமராவைக் கண்டாலே சமையல்கட்டுக்குள் ஓடிவிடுகிறவள். தேடித் தேடிக் கிடைத்தது ஒன்றே ஒன்று, செய்யாறில் ஒரு கல்யாணத்தில் எடுத்தது. அதிலும் பாதி முகத்தை என் தோள் மறைத்திருந்தது. எங்கே போனாலும் முந்திக்கொண்டு நிற்பது என் குணம். என் மேலேயே எரிச்சல் வந்தது.

அந்த வாரம்தான் புடவை வியாபாரி ஒருவர் போனில் ஒரு படம் அனுப்பினார். பழைய பிரெஞ்சு மாளிகையில் ஓவியத்துக்குப் போட்ட ஃப்ரேம் அது. பொன் முலாம், சுருண்ட இலைகள், உச்சியில் ஒரு சிப்பி. "இதே மாதிரி பார்டர் வேணுங்க, ஜல்தியா அனுப்புங்க" என்றார். வழக்கம்போல இடப்பக்கத்தை வரைந்து திருப்பினேன். அந்தச் சூட்டோடு அவள் போட்டோவிலும் என் தோளை அழித்துவிட்டு, தெரிந்த பாதியைத் திருப்பி ஒட்டினேன். முழு முகம் வந்துவிட்டது. சந்தோஷமாகப் பிரின்ட் எடுத்துக்கொண்டு ஃப்ரேம் கடைக்குப் போனேன்.

சாமி படங்களுக்கு ஃப்ரேம் போட அவள்தான் அங்கே போவாள். கடைக்காரர் வெகுநேரம் பார்த்தார். "அம்மா நம்ம கடைக்கு வந்துகினு இருந்தாங்களே, இது அவங்க தங்கச்சிங்களா?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். இரண்டு பக்கமும் மூக்குத்தி. அவள் ஒரு பக்கம்தான் போடுவாள். சிரித்தால் வாய் கொஞ்சம் கோணும். அதைச் சொல்லியே அவளைக் கேலி செய்வேன். இந்தச் சிரிப்பில் கோணலே இல்லை. மறைந்த பாதி எப்படி இருக்கும் என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை. பயந்துபோனேன்.

வீட்டுக்கு வந்து பிரெஞ்சு ஃப்ரேமைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிப்பி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. இடது இலை வேறு, வலது இலை வேறு. வலப்பக்கத்தையும் தனியாக வரைய மூன்று நாள் ஆனது. பேச ஆளில்லாத வீட்டில் மூன்று நாள் பெரிய விஷயமில்லை.

பிறகு பழைய போட்டோவையே கடைக்கு எடுத்துப்போனேன்.

"இதுல நீங்களும் இருக்கீங்களே! உசிரோட இருக்கறவங்களுக்கு மாலை போடக்கூடாதுங்க. உங்கள மட்டும் வெட்டிடட்டுமா?"

"வேணாம், அப்படியே போடுங்க."

இப்போது தினமும் காலையில் பூ வாங்கிவந்து எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துப் போடுகிறேன்.