தப்பா அடிங்க சார்

தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாலும், டம்ளரைக் கையோடு கொண்டுபோய்க் கழுவி, கட்டைவிரலால் விளிம்பை ஒரு சுற்றுத் தேய்த்துப் பார்த்துக் கவிழ்த்த பிறகுதான் மறுவேலை பார்ப்பாள். அதனால் அலுவலகத்தில் அவள் டம்ளர் அக்கா. அப்பேர்ப்பட்டவள் எழுதிய கணினி நிரல்தான் போட்டதைப் போட்டபடி விட்டுவிட்டு ஓடுகிறது என்று எல்லோரும் சிரித்தார்கள்.

மருந்துக்கடையில் தட்டும் வரியைப் படித்து, எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று லேபிள் அச்சடிக்கும் நிரல் அது. பிள்ளை பெற்று நாலு வருடம் வீட்டிலிருந்து திரும்பியவளை நம்பித் தனியாகக் கொடுத்த முதல் வேலை. வரியைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் நினைவகத்தில் கொஞ்சம் இடம் பிடிக்கும். வரி ஒழுங்காக முடிந்தால் இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனாலோ, பிழை என்று கத்திவிட்டு, பிடித்த இடத்தை அம்போவென்று விட்டு ஓடிவிடும். கடைக்காரருக்குப் பத்து வரிக்கு மூன்று பிழை. சாயங்காலத்துக்குள் கணினி மூச்சுமுட்டிப் படுத்துவிடும்.

அக்கா அவசரமாகத் திருத்தினாள். நிரலில் பிழையைக் கண்ட பகுதி அங்கேயே துண்டின் இடத்தை விடுவித்தது. அதை வேலைக்கு அனுப்பிய பகுதியும் தன் பங்குக்கு அதே இடத்தை மறுபடி விடுவித்தது. காலி செய்த வீட்டை இன்னொரு முறை காலி செய்யப் போனால் உள்ளே வேறு குடித்தனம் இருக்குமே.

"முன்னாடி சாயங்காலம்தான் படுக்கும் மேடம். இப்ப கடை திறந்ததுமே படுத்துடுது. சுறுசுறுப்பாயிடுச்சு," என்றார் கடைக்காரர். வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் லேபிளைக் கையாலேயே எழுதிக்கொள்வதாகவும் சொல்லிவைத்தார். அப்படி ஆனால் அக்காவுக்கு இனி தனி வேலை கிடையாது.

இரண்டு நாள் மண்டையைக் குடைந்து மாற்றி எழுதினாள். எந்தப் பகுதியும் தானாக எதையும் விடுவிக்கக் கூடாது. பிடித்த இடமெல்லாம் ஒரே பட்டியலில் ஏறும். வரி சரியோ தப்போ, கடைசியில் பட்டியலைப் பார்த்து எல்லாவற்றையும் ஒரே முறை விடுவித்து, பட்டியலையும் துடைத்துவிடும்.

வெள்ளிக்கிழமை காலை கடைக்கே போய், இஷ்டத்துக்கு அடிக்கச் சொன்னாள். மனிதர் முதுகை நிமிர்த்திக்கொண்டு நாற்பது வரி அடித்தார். ஒரு புள்ளி பிசகவில்லை.

"தப்பா அடிங்க சார்."

"வேணும்னு அடிக்கச் சொன்னா வரமாட்டேங்குது மேடம்."

அக்கா யோசித்துவிட்டு, மனைவிக்குப் போன் போடச் சொன்னாள். போனைத் தோளில் இடுக்கி, ஜன்னல் திரைக்கு என்ன நிறம் என்று சண்டை பிடித்துக்கொண்டே அவர் அடிக்க, பிழைகள் பொலபொலவென்று கொட்டின. ஒரு மணி நேரத்தில் தொண்ணூறு. நினைவக அளவு தொடங்கிய இடத்திலேயே நின்றது. வேலை அக்காவிடமே நிலைத்தது.

மனைவி மூன்றாவது நிமிடமே போனை வைத்துவிட்டாராம். மீதிச் சண்டையைக் கடைக்காரர் ஒற்றை ஆளாகவே போட்டார் என்பது பல மாதம் கழித்துத்தான் தெரியவந்தது.