காவடியில் குடியிருந்தவள்

வக்குவா சந்தையில் வாங்கிய பூந்தொட்டியை நேற்று கவிழ்த்தேன். விளிம்புக்கு அடியில் பட்டாணி அளவில் ஓர் உருண்டை, மேலெல்லாம் முள். ஆமணக்குக் காயைக் குறுக்கி ஒட்டிவைத்த மாதிரி. உடனே அந்த முட்டைப் பையைப் போட்டவளைத் தேட ஒரு குச்சியை எடுத்தேன். இந்த வயதில் இதென்ன ஆராய்ச்சி என்று நீங்கள் சிரிக்கலாம். சிலந்தி என்றால் அதன் வயிற்றைப் பார்த்துவிட வேண்டும் எனக்கு.

சீமையில் முதல் உலகச் சண்டை முடிந்த காலம். இந்தத் தீவில் மாயெபூருக்கு மேற்கே எங்களுக்குச் சொந்தத் தோட்டம் இருந்தது. பெருமைக்குத்தான் சொல்கிறேன், பாதி கரும்பு, பாதி கருங்கல் குவியல். கரும்பின் ஓரத்தில் பொன்னிற வலை பின்னிச் சிவந்த காலோடு உள்ளங்கை அகலச் சிலந்திகள் தொங்கும். வலை முகத்தில் ஒட்டினால் ஊர் கேட்க அலறுவேன். வீட்டுச் சுவரில் தட்டையாக இன்னொன்று, முட்டைப் பையை அணைத்தபடியே திரியும். கரப்பான் பிடிப்பதில் கெட்டிக்காரி. அம்மா இரண்டையும் சட்டை செய்யமாட்டார்.

"பெருசுக்கு ஏன் பயப்படற? கல்லுக்கடியில தலகீழா தொங்கும் பாரு, சின்னது, மண்ணு நிறம். வயித்துல செவப்பா பொட்டு இருக்கும். அதுக்குப் பயப்படு."

கல் பொறுக்கும்போது அது அம்மாவைக் கடித்திருந்தது. ஊசி குத்திய தடம்தான். ஆனால் வயிறு இறுகி, வேர்த்துக் கொட்டி, விடிய விடியப் புரண்டாராம். பிள்ளைப்பேறு தேவலை என்பார்.

எனக்கு மலேரியாக் காய்ச்சல் தெளிந்ததற்காக அப்பா மூன்று வருடம் காவடி எடுப்பதாக நேர்ந்திருந்தார். கடைசி வருடம், விரதம் தொடங்கியபின் பரணிலிருந்து மரக்காவடியை இறக்கினால், வளைவின் வெடிப்புக்குள் அந்த மண்நிறக்காரி. பக்கத்தில் முள்ளுருண்டைகள். விரதத்தில் எறும்பைக்கூடக் கொல்லக்கூடாது. சாம்பிராணிப் புகை போட்டோம். இன்னும் உள்ளே போனாள்.

"வேற காவடி கட்டுங்க," என்றார் அம்மா.

"நேர்ந்துகிட்டது இதைத்தான். லெசே, விடு, அது பாட்டுக்கு இருக்கட்டும்."

அம்மா என்னைப் பார்த்தார். நேர்த்தி தவறினால் காய்ச்சல் திரும்பிவிடுமோ என்ற பயம் அவருக்கு. வெடிப்பின்மேல் மஞ்சள் துணியைச் சுற்றிக் கட்டினார்.

நாக்கில் அலகு குத்திய அப்பா காவடியோடு முன்னால் நடக்க, நான் சாமியை மறந்து துணியையே பார்த்துக்கொண்டு போனேன். வெளியே வராதா என்று கொஞ்சம் ஆசையும் இருந்தது. பாதி வழியில் துணி சரிந்தது. வந்தாள். தலைகீழாக, வயிற்றுப் பொட்டு தெரிய, அப்பாவின் வெறுங்கழுத்துக்குச் சற்று மேலே. என்ன அழகு என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம்தான் அம்மாவின் முந்தானையை இழுத்தேன்.

"அம்மா, அங்க."

அம்மா தன் பால்குடத்தை என் தலைக்கு மாற்றினார். "சத்தம் போடாத. மிரண்டா கடிச்சிரும்." அப்பாவை ஒட்டி நடந்து, கழுத்துக்கும் காவடிக்கும் நடுவே தன் கையை நீட்டினார். அவள் ஒருமுறை இறங்கி அம்மாவின் விரலைத் தொட்டுவிட்டு ஏறிக்கொண்டாள். அப்போதும் அம்மா கையை எடுக்கவில்லை. மேளச் சத்தத்தில் அப்பாவுக்கு எதுவும் தெரியாது.

கோயில் வாசலில் காவடி இறங்கியதும், "கை வலிக்குது," என்று அம்மா உட்கார்ந்துவிட்டார். வீடு திரும்பி விஷயம் கேட்ட அப்பா, குஞ்சுகள் பொரிந்து போகட்டும் என்று காவடியைக் கல் குவியலில் சாத்திவைத்தார்.

அந்தக் குவியல்களை இயந்திரம் அள்ளிவிட்டது. அப்பா போய், அம்மாவும் போய்விட்டார். எது விஷச் சிலந்தி என்று இன்று யாரும் எனக்குச் சொல்லிவிடலாம். கடி எப்படி இருக்கும் என்று தெரிந்தே கையை நீட்ட, எனக்கு ஆளில்லை.