ஆளில்லாத கரையாகப் பார்த்து

மகன் சென்னையிலிருந்து ஒரு விளம்பரப் புத்தகம் அனுப்பியிருக்கிறான். முழுக்கக் கடலோர விடுதிகள். "கூட்டமில்லாத பீச்சா ஒண்ணு பாத்து வைங்கப்பா, எல்லாரும் நாலு நாள் போயிட்டு வரலாம்" என்று தொலைபேசியில் வேறு சொன்னான். எந்த விண்ணப்பத்தை யாருக்கு, எத்தனை நகலில், எவர் மூலமாக அனுப்ப வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ரெவின்யூ இலாகாவில் அதற்குத்தான் சம்பளம் வாங்கினேன். ஆனால் அமைதியான கடற்கரையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் புத்தகத்தை மூடி வைத்துவிடுகிறேன். வயதினால் என்று மருமகள் நினைக்கிறாள். நினைக்கட்டும்.

அந்த வழவழப்பான தாளில் அச்சு மை வாசனை. மண்ணெண்ணெய்க்குத் தூரத்து உறவு மாதிரி ஒரு நெடி. மோந்து பார்த்ததும் ஐம்பதுகளின் நடுவில், மணமேல்குடிக்குத் தெற்கே ஒரு பங்களாவில் எரிந்த அரிக்கேன் விளக்கு ஞாபகம் வந்துவிட்டது.

என் தாய்மாமன் சுப்பையாவுக்கு இலங்கை மாத்தளையில் பலசரக்குக் கடை இருந்தது. தகப்பனார் காரியத்துக்காகச் சொந்த ஊரான வல்லத்திராக்கோட்டைக்கு வந்தவர், திரும்பிப் போக முடியாமல் நின்றுபோனார். இலங்கையில் புதிதாகச் சட்டங்கள் போட்டிருந்தார்கள். இவருடைய அனுமதி காலாவதியாகிவிட்டது. மனைவியும் நாலு வயது மகள் வள்ளியும் அந்தக் கரையில். இவர் இந்தக் கரையில். விண்ணப்பங்களை நான்தான் எழுதினேன். புதுக்கோட்டை தாலுகா ஆபீஸில் அப்போது புதுக் குமாஸ்தா, கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். குற்றம் சொல்ல ஒரு வரி இருக்காது. போன மாதிரியே கசங்காமல் நிராகரிக்கப்பட்டுத் திரும்பி வரும். இப்படியே வருஷங்கள் போயின. கடைசி வருஷம் மாத்தளையிலிருந்து கடிதம் வருவதும் நின்றுபோயிற்று. மாமா சாப்பாட்டைக் குறைத்தார், பேச்சையும் குறைத்தார்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் தானாகவே, "கடக்கரைப் பக்கம் ரெண்டு நாள் போயி இருந்துட்டு வருவமா மாப்ளே?" என்றபோது எனக்கு மனசு நிறைந்துவிட்டது. உடனே நான் யோசனை சொல்ல ஆரம்பித்தேன். ராமேஸ்வரம் என்றேன். ஒரே கூட்டம் என்றார். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி என்றேன். அங்கேயும் சனம் என்றார். தனுஷ்கோடிக்குக் கூடவே கூடாதாம், போலீஸ்காரன் தொல்லை. கடல் பார்க்கப் போகிறவருக்குப் போலீஸ்காரன் என்ன தொல்லை என்று கேட்கத் தெரியாத மக்கு நான். கடைசியில் அவரே ஓர் இடம் சொன்னார். அங்கே டிஸ்டிரிக்ட் போர்டு பங்களா ஒன்று இருந்தது. அந்தக் கரை அப்போது தஞ்சாவூர் ஜில்லா, நாங்கள் திருச்சி ஜில்லா. ஆகவே மனு மேலே ஏறி, ஜில்லா தாண்டி, கீழே இறங்க வேண்டும். ஏற்றி இறக்கினேன். அரசாங்க முத்திரையோடு அனுமதி வந்தது.

தேதியை மாமா பஞ்சாங்கம் பார்த்துக் குறித்தார். அமாவாசை. கடற்கரைக்குப் போகிறவர்கள் பௌர்ணமி பார்ப்பதுதானே வழக்கம் என்றேன். "நிலா வெளிச்சத்துல எனக்குத் தூக்கம் புடிக்காது" என்றார். கீழராஜ வீதி ஜவுளிக்கடையில் ஒரு பாவாடை சட்டை வாங்கினார். எட்டொன்பது வயசுப் பிள்ளைக்கு எந்த அளவு சரியாக இருக்கும் என்று கல்யாணமாகாத என்னிடம் கேட்டார். நானும் கடைக்காரரைப் போல முழம் போட்டுக் காட்டினேன். பார்சலில் அனுப்பப் போகிறார் என்று நினைப்பு.

துணைக்கு என் தாயாரும் வந்தார். எங்கள் பக்கம் ஆத்தா என்போம். மாமாவுக்கு அக்கா. மூன்று பேருக்கு இரண்டு நாள் என்று சொல்லிவிட்டு, ஒரு தகர டின் நிறைய அவலும் வறுத்த மாவும் கட்டினார். வழியில் அதைத் திறக்கவே இல்லை.

அறந்தாங்கியில் பஸ் மாறும்போது ஒரு கான்ஸ்டபிள் மாமாவை மேலும் கீழும் பார்த்தார். எங்கே போறீக, கடற்கரையில் யார் இருக்கிறார்கள், பெட்டியில் என்ன என்று வரிசையாகக் கேட்டார். நான் முன்னால் போய் அனுமதிக் கடிதத்தை நீட்டினேன். தாலுகா ஆபீஸ் என்றதும் அவர் விறைத்து நின்று சலாம் வைத்தார். எனக்கு ஒரு சாண் உயரம் கூடிவிட்டது. மாமாவின் சட்டை முதுகில் வேர்வையில் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். வெயில் என்று எண்ணிக்கொண்டேன்.

பங்களாவில் கரப்பான் எச்சமும் மண்ணெண்ணெய் நெடியும். எதிரே கடல் அலையில்லாமல் கிடந்தது. பெண்கடல் என்பார்கள் அந்தப் பக்கத்தில். காலடியில் அழுகிய பாசி. வெளியூர் ஆள் வந்தால் பிள்ளைகள் மொய்த்துக்கொள்ளும் காலம் அது. அங்கே ஒரு பிள்ளைகூட வந்து எட்டிப் பார்க்கவில்லை. கரையில் ஒரே ஒரு தோணி. அதில் வலை இல்லை. கருவாட்டு மண்டி வைத்திருந்த காசிம் பாய்தான் எங்களுக்குப் பாலும் மீனும் ஏற்பாடு செய்தவர். மாமாவோடு தூரத்தில் நின்று பேசுவார். நான் பக்கத்தில் போனால், "தம்பி சர்க்கார் ஆளு, வெயில்ல நிக்கலாமா? உள்ள போயி இருங்க" என்பார். மரியாதை என்று உள்ளே போய் உட்கார்ந்தேன்.

இரண்டாம் நாள் பொழுது சாயும் நேரம், பள்ளிவாசலில் பாங்கு சொல்லி முடிந்திருந்தது. வெளியே வந்தேன். கடலுக்குள் வெகுதூரத்தில் ஒருவர் நடந்து போய்க்கொண்டிருந்தார். அந்தக் கடலில் எவ்வளவு நடந்தாலும் முழங்கால் தண்ணீர்தான். தலையில் தகர டின், அதன்மேல் துணி மூட்டை. மாமா. அவருக்கும் அப்பால் அந்தத் தோணி, விளக்கில்லாமல். கரையில் ஆத்தா நின்றிருந்தார், முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு. நான் கத்த வாயெடுத்தேன்.

"கூப்புடாத" என்றார் ஆத்தா. "நீ பாக்கல. நாளைக்கு எவன் கேட்டாலும், பாக்கலன்னு சொல்லு. அதுக்குத்தான் ஒங்கிட்டச் சொல்லல."

இருட்டு வந்து முதலில் தோணியை மறைத்தது, பிறகு அவரை. மறுநாள் பங்களாப் பதிவில், வந்தவர் மூவர், கிளம்பியவர் மூவர் என்று முத்துமுத்தாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கடிதம் வரவில்லை. வராதுதான் என்றார் ஆத்தா. களவாய்ப் போனவன் தபால் எழுதினால் பிடித்துவிட மாட்டார்களா? காசிம் பாயிடம் விசாரித்தால், தோணிக்காரர்கள் வேற்றூர், அவர்கள் இந்தப் பக்கம் வருவதில்லை என்றார், முகத்தைப் பார்க்காமல். காணவில்லை என்று புகார் கொடுக்கலாம். கடைசியாக எங்கே பார்த்தாய் என்பதுதான் அதில் முதல் கேள்வி. ஏழு வருஷம் தகவலில்லாவிட்டால் சட்டம் ஓர் ஆளை என்னவென்று கொள்ளும் என்பதும் எனக்குத் தெரியும். அதை வீட்டில் வாயைத் திறந்து சொல்லவில்லை. அந்த ஏழாவது வருஷமும் கடந்தது.

அறுபதுகளின் கடைசியில் இலங்கையிலிருந்து ஆட்களைச் சட்டப்படியே கப்பலில் அனுப்பத் தொடங்கினார்கள். சுப்பையா மகள் வள்ளி மண்டபம் முகாமுக்கு வந்திருப்பதாக ஊர் முன்சீப் மூலம் தகவல் வந்தது. ஆத்தா அன்று விடியுமுன்னே எழுந்து தம்பிக்குப் பிடிக்குமென்று கெண்டைக் குழம்பு வைத்தார். பிடிபடுகிற பயத்தில் தகவலில் தன் பெயரைக் கொடுக்காமல் விட்டிருப்பான் என்று அவராகவே ஒரு காரணமும் கண்டுபிடித்துக்கொண்டார்.

முகாமில் பெயரைக் கூப்பிட்டதும் மாமாவின் நெற்றியோடு ஒரு பெண் வெளியே வந்தாள். அவள் தாயார் தேயிலைத் தோட்டத்துக் கூலி லயத்தில் காய்ச்சலில் போய்விட்டாராம். அவள் எங்களைத் தாண்டி, எங்களுக்குப் பின்னால் பார்த்தாள். நாங்கள் அவளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அப்பா வரலீங்களா அத்தை?" என்றாள்.

ஆத்தா தூக்குச்சட்டியைத் திறந்தார். "மொதல்ல சாப்புடு" என்றார்.

அந்த பங்களா இப்போது இல்லை. ஓட்டைப் பிரித்து எடுத்துப் போய்விட்டார்கள். இலங்கைக்கு ஓடிய தலைமன்னார் கப்பலும் நின்றுவிட்டது. அந்தக் கரையே ஜில்லா மாறி எங்கள் ஜில்லாவுக்கு வந்துவிட்டது. இன்று மனு போட்டால் ஒரே மேஜையில் முடிந்துவிடும். முகாமுக்குப் போன அன்று மத்தியானம்வரை மாமா எங்களுக்கு அக்கரையில் இருந்தார், வள்ளிக்கு இக்கரையில் இருந்தார். அவள் கேட்ட பிறகு இரண்டு கரையிலும் இல்லை.